தம்பிக்குத் திறந்துவிட்ட கணினி

குடும்ப அச்சகத்தின் ஒற்றை ஜன்னல் வழியே சாயங்கால வெயில் கணினியின் மேல் சரிந்து கிடக்கிறது. கணினிக்குக் கட்டளைகளைத் தட்டும் லினக்ஸின் கறுப்புத் திரையை அண்ணன் இன்றுதான் முதன்முதலாகத் திறந்திருக்கிறார். வெளியூரிலிருக்கும் தம்பி போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டுகிறார். "பாஸ்வேர்டு அடிக்கிறேன், ஒண்ணுமே தெரியலையேடா?" "தெரியாதுண்ணே, அது அப்படித்தான். என்டர் தட்டுங்க." வரிகள் சரசரவென்று ஓடி நிற்கின்றன. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி இனி அங்கிருந்தபடியே இந்தக் கணினிக்குள் வந்து வேலையில் கைகொடுப்பான். சற்று நேரத்தில் அம்புக்குறி தானாக நகர்கிறது. வாடிக்கையாளர்களின் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகின்றன. "உள்ள வந்துட்டியாடா!" என்று திரையைப் பார்த்து வாய்நிறையச் சிரிக்கிறார். மறுமுனையில் தம்பி தொண்டையைச் செருமிக்கொள்கிறான். "பாஸ்வேர்ட மாத்திட்டேண்ணே. இனிமே எல்லாத்தையும் நானே இங்கருந்து பாத்துக்கறேன். நாளையிலேருந்து நீங்க அச்சகத்துக்கு வர வேண்டாம்." "யாருடா முடிவு பண்ணது?" "வீட்ல எல்லாரும் பேசித்தாண்ணே." போன் அடங்கிவிடுகிறது. திரை பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்கிறது. இத்தனை வருடமாக அது அவர்கள் அப்பாவின் பெயர்தான். அண்ணன் அதை அடிக்கிறார். தவறு என்கிறது திரை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டி மறுபடியும் அடிக்கிறார்.