வலது கால் கட்டைவிரல்

மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் ஏழாவது வாளி வெந்நீரை ஊற்றிவிட்டு, டெல்மர் முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தார். சூடு பதமாக இருந்தது. கொட்டகைக் கதவைச் சாத்தப் போனவரை மனைவி ஓராவின் குரல் பிடித்து நிறுத்தியது.

"கன்னுக்குட்டிக்கு ராஜ உபசாரம்தான் போங்க. எனக்கு ஒரு நாளாவது வெந்நீர் போட்டுக் குடுத்திருக்கீங்களா?"

"அதுக்குச் சளி பிடிச்சிருக்கு. நீ போய் அடுப்புல ரொட்டியைப் பாரு, கருகிடப் போகுது."

அறுபத்து நான்கு வயதில் பொய் சொல்ல அவருக்கு வாய் கூசியது. தண்ணீர் கன்றுக்கு அல்ல.

சற்று நேரத்தில் லரூ அண்ணி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். டெல்மரின் அண்ணன் ஹைரமுக்கு மூன்றாவது மனைவி. ஹைரம் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணிக்கோ இதயத்தில் கோளாறு. நாளை மறுநாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கன்னுக்குட்டியைப் பார்க்கணும்னு கூப்பிட்டுட்டு நீ என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"கன்னுக்குட்டிக்காகக் கூப்பிடலை அண்ணி. நான் உங்களுக்கு ஒரு பாவம் பண்ணிட்டேன். நாப்பது வருஷம் ஆச்சு."

அண்ணி வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அமெரிக்காவின் மார்மன் என்ற பெரிய கிறிஸ்தவ சபை பல மனைவி வழக்கத்தைக் கைவிட்டபோது, நாங்கள் விடமாட்டோம் என்று பிரிந்து வந்து இந்தச் செம்மலை அடிவாரத்தில் குடியேறிய கூட்டம் இது. வடக்கே ஏரிக்கரையில் வளர்ந்த பெண்ணை ஹைரமுக்குக் கொடுக்கும்படி கூட்டத்தின் தலைவரான தீர்க்கதரிசிக்குக் கடவுளிடமிருந்து வெளிப்பாடு வந்ததாம். அவள் அப்பா மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவந்து விட்டுப் போனார்.

இந்தக் கூட்டத்துக்குக் கல்யாணம் என்பது செத்த பிறகும் தொடரும் பந்தம். அதற்கு முதல் நாள் ஞானஸ்நானம். ஹைரமே குளத்தில் இறங்கி அவளைத் தண்ணீருக்குள் சாய்த்தார். கரையில் இரண்டு சாட்சிகள். பார்வை மங்கிய ஒரு பெரியவர், இன்னொருவர் டெல்மர். உடுப்பின் நுனியோ ஒரு விரலோ தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டால் ஞானஸ்நானம் செல்லாது, மறுபடியும் முக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் சாட்சி.

"உங்க வலது கால் கட்டைவிரல் வெளியே நின்னுச்சு அண்ணி. நான் பார்த்தேன். மார்ச் மாசம், குளத்து ஓரமெல்லாம் பனிக்கட்டி. எழுந்ததும் நீங்க நேரா என்னைத்தான் பார்த்தீங்க. உதடெல்லாம் நீலம். இன்னொரு தடவை முக்கினா இந்தப் பொண்ணு தாங்காதுன்னு, எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சாட்சி சொல்லிட்டேன்."

பிற்பாடு அதே குளத்தில் நீளப் பாவாடையோடு இறங்கி ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அண்ணிதான். சொந்தமாக மட்டும் ஒரு பிள்ளை இல்லை. ஹைரமின் மூத்த மனைவிகள் இருவரும் அதைக் குத்திக்காட்டியே சாப்பாட்டு மேஜையின் கடைசிக்கு அவளைத் தள்ளினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் டெல்மர் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எல்லாம் அந்த விரலால் வந்த வினை, வாயை மூடிக்கொண்டிருந்த தன்னால் வந்த வினை என்று நாற்பது வருஷமும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

அண்ணி கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"நல்லாப் பார்த்தியா டெல்மர்? நிஜமாவே வெளியேதான் இருந்துச்சா?"

"நகம் வரைக்கும் தெரிஞ்சுது அண்ணி."

"அப்போ மறுநாள் நடந்த கல்யாணம்?"

"அதுவும் செல்லாது. அஸ்திவாரமே இல்லையே. நீங்க இப்படியே கண்ணை மூடிட்டா, அங்கே அண்ணன் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிப்பாரு. ஆனா உங்களை அவர்கிட்ட சேர விடமாட்டாங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அண்ணி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. டெல்மர் பெரும்பாவியைப் போல அவள் முன்னால் மண்டியிட்டார்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. குளத்துக் குளிர் உங்க உடம்புக்கு ஆகாதுன்னுதான் இங்கேயே வெந்நீர் போட்டு வெச்சிருக்கேன். வெள்ளை அங்கியும் இருக்கு. என் பசங்க ரெண்டு பேரையும் சாட்சிக்குக் கூப்பிடுறேன். ஞானஸ்நானத்தைச் சரி பண்ணிட்டா கல்யாணமும் தன்னால சரியாயிடும். விஷயம் தெரிஞ்சு சபை என்னைத் தள்ளி வெச்சாலும் வெச்சுக்கட்டும்."

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"ஓராகிட்டகூடச் சொன்னதில்லை."

"இனிமேயும் சொல்லாதே."

அண்ணி செருப்பையும் காலுறையையும் கழற்றினாள். தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதங்களை வெந்நீரில் விட்டுக்கொண்டாள்.

"கால் மட்டும் பத்தாது அண்ணி, முழுசா இறங்கணும்" என்றார் டெல்மர், கண்ணைத் துடைத்தபடி. "அன்னிக்கு மாதிரி விரல் தவறி வெளியே வந்துடக் கூடாது."

அண்ணி நிமிர்ந்தாள். கன்னமெல்லாம் ஈரம். ஆனால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது தவறி வரலை டெல்மர். நான்தான் நீட்டினேன்."