துணைக்காலுக்கும் காசு

"இந்த மாச வாடகையே வேணாம்மா. கேம்ப்ப மட்டும் நிறுத்திடு" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் வீட்டுக்காரர் ஜெயவேலு.

பல் டாக்டர் டெபோராவுக்கு எரிச்சல் வந்தது. கோவிலம்பாக்கத்தில் அவர் இடத்தில் கிளினிக் திறந்து ஆறு மாதம் ஆகிறது. வாடகை ஒரு நாள் தள்ளினாலும் வாசலில் வந்து நிற்கிற மனுஷன், இன்றைக்குப் பார்த்து வள்ளலாகிவிட்டார்.

காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன? இடத்தைப் பிரியாணிக் கடைக்கு விட அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. இன்றைய இலவச முகாமுக்கும் ஆள் வராவிட்டால் கிளினிக்கை மூடிவிட்டு, தாம்பரத்தில் பழைய வேலைக்கே திரும்பிவிடுவதாக அவள் முடிவு செய்திருந்தாள். அது அவர் காதுக்கு எட்டியிருக்கும்.

"எதுக்கு அண்ணா நிறுத்தணும்?"

"நான் புள்ளகுட்டிக்காரன்மா. எல்லாரும் நல்லாத்தானே கீறாங்க, இன்னாத்துக்கு இந்த டெஸ்ட்டெல்லாம்?" என்றவர், பின்பக்கம் மாடு கத்தவும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நிறுத்துவதாவது! முகாம் தொடங்கும் முன்பே வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அவள் கணவன் ஜெர்சன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். எஸ்.எம்.எஸ். அனுப்பி ஆள் சேர்த்தது அவன் அல்லவா.

டெபோரா அழகான தமிழில்தான் அறிவிப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். அதன் எழுத்துகளை எண்ணிப் பார்த்த ஜெர்சன் தலையில் கை வைத்தான்.

"தமிழ்ல எழுபது எழுத்து தாண்டுனாலே அடுத்த மெசேஜ் காசு, டெபி. புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாத்தையும் தனித்தனி எழுத்தா எண்ணுவான். இது மூணு மெசேஜ் வருது. அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா நூத்தி அறுபது வரைக்கும் ஒண்ணுதான்."

தமிழை இப்படிக் கொலை செய்யாதே என்று அவள் சண்டை போட்டுப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் மூன்று மடங்கு செலவு செய்து அனுப்ப வசதி இல்லாததால் அவன்தான் ஜெயித்தான். "Ilavasa pal parisodhanai" என்று தொடங்கி, கிழமை, நேரம், விலாசம் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அடக்கிவிட்டான். இடம் போதவில்லை என்று டாக்டரின் பட்டத்தைக்கூட வெட்டிவிட்டான்.

இப்போது வரிசை தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கொரு தூக்கோ, மூடி போட்ட சொம்போ, பாட்டிலோ கையில் வைத்திருந்தார்கள். அது எதற்கு என்று டெபோரா கேட்டதற்கு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டு வந்திருப்பார்கள், நம்ம ஏரியா ஜனங்கள் ரொம்ப விவரம் என்றான் ஜெர்சன்.

டெபோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரில் கால்வாசிப் பேர் மறுபடி வந்தாலே போதும், கிளினிக் பிழைத்துக்கொள்ளும். ஜெயவேலு பிரியாணிக் கடைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

"சாரி ஜெர்சன். இனிமே எல்லாத்தையும் இங்கிலீஷ் எழுத்துலயே அனுப்பு" என்றாள். அவன் ரொம்பப் பெருந்தன்மையாக மன்னித்தான்.

கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டாள். வரிசையில் முதலாவதாக நின்ற பொன்னியம்மாள், வாசலில் திருதிருவென விழித்துக்கொண்டிருந்த ஜெயவேலுவை முறைத்துவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. தூக்கை நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்க, வலிக்காது. உக்காந்து நல்லா ஆ காட்டுங்கம்மா" என்றாள் டெபோரா.

"நான் எதுக்கும்மா ஆ காட்டணும்? ஜெயவேலு ஊத்துற பாலு இது, தண்ணி எவ்ளோ கீதுன்னு டெஸ்ட் பண்ணி சொல்லு."