நேரா ஒட்ட மாட்டேன்

“நேரா பலகையில ஒட்ட மாட்டேன் சார். டேப் போட்டு, அது மேலதான் ஒட்டுவேன்.”

சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்து நின்றார். பட்டறையில் மரம் அறுக்கும் மூன்று வாள் மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வேடிக்கை என்றால் எல்லோருக்கும் தானாகவே கை ஓய்ந்துவிடும்.

“மூணு மெஷினுக்கும் டிசைன் பேப்பர் ஒட்டித் தர்றது நீதான். ஏழு வருஷமா பலகையில ஸ்ப்ரே பசையை அடிச்சு நேராத்தானே ஒட்டின? இந்த ரெண்டு வாரமா என்ன புதுசா?”

“பாதி வெட்டுல பேப்பர் கிளம்பிடுது சார். கோடு நகர்ந்தா எழுத்துக்கு மூக்கு போயிடும்.”

“டேப்புல ஒட்டினா கிளம்பாதா?”

“கிளம்பாது.”

“வெள்ளிக்கிழமை முன்னூறு பெயர்ப்பலகை போகணும். நீ பலகை பூரா டேப்பை வரிசையா ஒட்டி, நகத்தால தேய்ச்சு, அது மேல பசை தடவி, அப்புறம் பேப்பர்! எத்தனை சடங்கு!”

அவர் தாமே ஒரு பலகையை எடுத்தார். பசையை அடித்தார். பேப்பரை நேராக ஒட்டி, அவள் முன்னால் வைத்தார்.

“வெட்டு.”

அவள் மெஷினைப் போட்டாள். நூல் மாதிரி மெல்லிய பிளேடு ஏறி இறங்கியது. பலகையைத் திருப்பித் திருப்பி, வளைவுகளில் நிதானித்து, பேப்பரில் இருந்த எட்டு எழுத்தையும் வெட்டி எடுத்தாள். பேப்பர் ஓரம்கூட அசையவில்லை.

“எங்கே கிளம்புச்சு?”

“கிளம்பலை.”

“அப்புறம்?”

“அப்பவும் நேரா ஒட்ட மாட்டேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசரின் காது சிவந்துவிட்டது.

“இதுக்குப் பேரு கொழுப்பு. ஒரு நாளைக்கு நாலு ரோல் டேப் காலியாகுதுன்னு உள் ரூம்லேர்ந்தே கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு, தெரியுமா?”

அவள் உள் ரூம் பக்கம் திரும்பினாள். வெட்டிய எழுத்துகளில் ஒட்டியிருக்கும் பேப்பரை, பசையைக் கரைக்கும் தின்னரால் துடைத்து எடுக்கிற பெண், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்.”

“தூக்குங்க சார். முன்னூறு பலகையையும் நீங்களே ஒட்டிக்கோங்க.”

சூப்பர்வைசர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கண்முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

“சரி. டேப் ஒட்டுறது உன் சொந்த நேரத்துல. காலையில ஒரு மணி நேரம் முன்னாடி வரணும். ஓவர்டைம் கிடையாது.”

“வர்றேன்.”

வந்தாள். மறுநாளும் வந்தாள். வேலை நேரத்துக்கு வந்த மற்ற இரண்டு மெஷின்காரர்களும் “டேப் மகாராணி முந்திட்டாங்க” என்று குனிந்து வணக்கம் வைத்தார்கள். அவள் ஆசீர்வாதம் செய்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை, அவளுக்கு முன்பே உள் ரூம் பெண் வந்து காத்திருந்தாள்.

“அக்கா, உங்களுக்கும் எனக்கும் என்ன பகை?”

“பகையா? எதுக்கு?”

“நான்தான் போட்டுக் கொடுத்தேன். மறைக்கலை. டேப் போட்டா பேப்பர் வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு வருது. ரெண்டு வாரமா தின்னர் டப்பாவைத் திறக்கவே இல்லை. நாளைக்கு ‘இவ எதுக்கு இங்கே’ன்னு கேட்டா நான் எங்கே போவேன்? இப்ப எனக்கு இந்த வேலை போகவே கூடாதுக்கா.”

“போகாது. எழுத்தோட ஓரம் தேய்க்கணும், மெழுகு போடணும். அதுக்கு ஆள் வேணும்.” அவள் டேப்பைக் கிழித்துப் பலகையில் ஒட்டினாள். “அந்த ரூம்ல ஒரு ஜன்னல்கூட இல்லை. தின்னர் நெடி வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாதுடி.”

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“யாரு... யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை. அன்னிக்குக் குழாயடியில வாந்தி எடுத்துட்டு, பித்தம்னு சொன்னியே. எனக்கும் அப்படி ரெண்டு பித்தம் ஸ்கூலுக்குப் போகுது.”

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். கண்தான் முந்திக்கொண்டது.

“அதை அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா? எல்லாரும் உங்களைத் திமிர் பிடிச்சவங்கிறாங்க...”

“போன வருஷம் உன் இடத்துல இருந்தவ மாசமா இருக்கேன்னு சொன்னா. ‘வீட்ல ரெஸ்ட் எடும்மா’ன்னு மறுநாளே அனுப்பிட்டாங்க. அதுவரைக்கும் அவளுக்கு நான் நேராத்தான் ஒட்டிக் கொடுத்துட்டிருந்தேன். அப்ப எனக்கு இது தோணலை.”

அடுத்த பலகையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

“மாசமா இருக்கிறவளை உடனே அனுப்பிடுவாங்கடி. திமிர் பிடிச்சவளை அனுப்பத்தான் இங்கே யாருக்கும் தைரியம் இல்லை.”