கத்தரிப் பாத்தியில் சுண்ணாம்புக் கோடு

பள்ளிக்கூடத்தின் பின்புறம், கத்தரிப் பாத்தியைச் சுற்றி உட்கார்ந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைகிறார்கள். அவர்களே விதைத்து வளர்த்த பாத்தி. நாளைக் காலையில் அதை மூடி, கார் நிறுத்த இடம் செய்யப்போகிறார்கள்; செடிகளுக்கு நடுவே இப்போதே சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. காகிதத்திலாவது தோட்டம் மிஞ்சட்டும் என்று வரையச் சொன்ன ஓவிய டீச்சர் ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்க்கிறாள். ஊதாப் பூ, முள்காம்பு, இலையில் பூச்சி அரித்த ஓட்டை. பிள்ளைகள் சோடாபுட்டி என்று கூப்பிடும் கண்ணாடிக்காரச் சிறுமி மட்டும் ஒரு கறுப்புக் காரை வரைந்திருக்கிறாள்.

"செடி எங்கேம்மா?"

"காருக்கு அடியில இருக்கு டீச்சர். உள்ளதை உள்ளபடி வரையணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் அந்தப் படத்தின் அடியில் 'நன்று' என்று எழுதுகிறாள். பிறகு பூவாளியை எடுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

"நாளைக்கு மூடப்போறதுக்கு எதுக்கு டீச்சர் தண்ணி?"

"சாமி இன்னைக்கும் அதுக்குத் தாகத்தைக் குடுத்திருக்காரேம்மா."

சிறுமி எழுந்து வந்து பூவாளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறாள். தண்ணீர் செடிகளுக்கிடையே ஊர்ந்து பரவுகிறது. நனைந்து கறுத்த மண்ணில் சுண்ணாம்புக் கோடு முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது.