வெறுங்கையா வாங்க!

"டாக்டர் என்னை இங்க அனுப்பவே இல்லையாம்மா! அப்ப அன்னிக்கு எனக்குப் போன் பண்ணச் சொன்னது யாரு?"

சாந்தோம் லேபுக்குள் நுழையும்போதே கேட்டார் இனாயத். மயிலாப்பூரில் அத்தர் கடை வைத்திருப்பவர். கையில் மனைவி செய்து கொடுத்த தம்ரூட் இனிப்புப் பொட்டலம். இரண்டு மாதம் முன்பு இதே பெஞ்சில் சுருண்டு கிடந்த ஆள்தானா என்று கேட்கும்படி முகத்தில் களை திரும்பியிருந்தது.

"முதல்ல உக்காருங்க பாய். வயிறு எப்படி இருக்கு?" என்றாள் ஜொவிட்டா. அங்கே சாயந்திர வேளைக்கு வரும் டெக்னீஷியன்.

"சூப்பரா கீதும்மா! பத்து நாள் மாத்திரை, மிச்சம் மீதிக் கிருமிக்கு இன்னொரு பத்து நாள். அவ்ளோதான். நேத்து பிரியாணியே துன்னேன்!"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னே? மூன்று மாதம் ரத்தமும் சீதமுமாகப் போய், கல்லாவில் உட்கார்ந்ததைவிடக் கழிப்பறையில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். மலத்தைச் சோதித்த தி.நகர் லேப் ஒன்று 'கிருமி எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. அதை நம்பி, இது வேறு குடல் நோய் என்று முடிவு கட்டிய டாக்டர், திங்கட்கிழமை முதல் ஸ்டீராய்டு என்று எழுதிவிட்டார்.

சனிக்கிழமை சாயந்திரம்தான் ஜொவிட்டாவின் போன் வந்தது. "சாந்தோம் லேபுல இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணணும். வீட்லேர்ந்து சாம்பிள் எதுவும் எடுத்துட்டு வராதீங்க பாய். வெறுங்கையா வாங்க. இங்கேயே குடுங்க."

டாக்டர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து வந்தார். கொடுத்த ஐந்தாவது நிமிடம் அவரையே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். அமீபா உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"இது தெரியாம அந்த ஸ்டீராய்டை முழுங்கியிருந்தா குடலே பொத்துக்கினு இருக்கும்னு டாக்டர் சொல்றார்மா. என் ரெண்டு பொண்ணுங்களும் அப்பா இல்லாம நின்னிருக்கும். உனக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. நீ நூறு வயசு நல்லா இருக்கணும்."

"ஐயோ, விடுங்க பாய்."

"உன்னைக்கூட வுட்டுடுவேன். அவனை வுட மாட்டேன்!" சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "தி.நகர் லேப் முதலாளிக்குப் புகார் எழுதிக்கீறேன். கண்ணைப் பொடனியில வெச்சுக்கினு ரிப்போர்ட் குடுத்தவனை வேலையை வுட்டுத் தூக்கியே ஆவணும். பேர்தான் தெரியலை. கையெழுத்து கோழி கிளறினாப்ல கீது. நீயும் இந்தத் தொழில்லதானே கீறே? யாருன்னு பார்த்துச் சொல்லேன்."

பழைய ரிப்போர்ட்டையும் புகாரையும் சேர்த்து நீட்டினார்.

ஜொவிட்டா ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. புகாரை மட்டும் வாங்கி, பெயருக்காக விட்டிருந்த இடத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

'எஸ். ஜொவிட்டா.'

இனாயத் அவசரமாக அதைப் பழைய ரிப்போர்ட்டின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"காலையில அங்க டியூட்டி பாய், சாயந்திரம் இங்க. அன்னிக்கு எவ்வளவு தேடியும் கிருமி கண்ணுல படலை. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத முடியாதே. ஆனா மனசு கேக்கலை. அதான் சீட்டுல இருந்த நம்பருக்கு நானே போன் பண்ணேன்."

"இங்க அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சியேம்மா, அங்க மட்டும் ஏன் தெரியலை?"

ஜொவிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல, திறந்ததும் ரோஜா அத்தர் கமகமன்னு வீசின சாம்பிள் டப்பா உங்களோடது ஒண்ணுதான். நாத்தம் தெரியக் கூடாதுன்னு அத்தனை அத்தரைக் கொட்டிக் குடுத்தா, எந்தக் கிருமி பாய் உயிரோட இருக்கும்?"