ஐந்தாவது விசிறி

"இவரு டாக்டர்ம்மா. டோக்கியோவுல பெரிய டாக்டர். எடுத்துக்குங்க, நல்லா காத்து வரும்."

முஜிபுர் ரஹ்மான் நீட்டிய கை விசிறியில் ஒரு ஜப்பான் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தம்மா திருப்தியாக வாங்கிக்கொண்டு போனாள்.

கடைக்கு வந்திருந்த பக்கத்துத் தெரு சஜிதாவுக்குப் பொறுக்கவில்லை.

"மாமு, அவரு டாக்டர் இல்ல. பாட்டுக் குழுவுல ஆடிப் பாடினவரு."

யாங்கோனின் லான்மடா பகுதியில் அவருடையது ஜப்பான் பழைய சாமான் கடை. இந்த முறை வந்த மூட்டையில் ஒரு பெட்டி நிறைய விசிறிகள். ஐந்து பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழு. விசிறிக்கு ஒரு முகம். ஊரில் பாதி நாள் கரண்ட் இல்லை. வியாபாரம் சூடு பிடித்திருந்தது.

"ஆட்டக்காரன் படம்னா நம்ம பொம்பளைங்க வாங்குவாங்களா? ஒருத்தனை டாக்டராக்கினேன், ஒருத்தனை இன்ஜினீயராக்கினேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"கடையில உட்கார்ந்து பொய் சொல்றது ஹராம் இல்லையா? இவங்களுக்காகவே நான் ஜப்பான் மொழி படிச்சேன். நிஜத்தைச் சொல்லுங்க மாமு, அதுவே பெருமைதான்."

விசிறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"குழு கலைஞ்சுடுச்சு. இப்ப இவரு நாடகத்துல நடிக்கிறாரு. இவரு டிவியில வானிலை வாசிக்கிறாரு. இவரு சொந்த ஊருக்குப் போய் நெல்லு போடுறாரு. இவருக்கு நூடுல்ஸ் கடை. இவரு..."

"பாய், விசிறி இருக்கா?"

ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகேறி வரும் அம்சவேணி. சஜிதா கையிலிருந்த ஐந்தாவது விசிறியை வாங்கிப் பார்த்தாள்.

"ஜப்பான் பிள்ளையா? எங்க ரமேஷ்குமாரும் அங்கதான் வேலைக்குப் போயிருக்கான். எட்டு மாசமா ஒரு போன் இல்ல." படத்தையே பார்த்தாள். "இந்தப் பிள்ளை என்ன பாய் செய்யுது? முகமெல்லாம் வாடியிருக்கே."

முஜிபுர் ரஹ்மான் வாயைத் திறந்தவர், சஜிதாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சஜிதாதான் சொன்னாள்.

"ரொட்டிக் கடையில வேலை செய்யிறாரும்மா. விடியறதுக்கு முன்னாடியே மாவு பிசையப் போயிடணும். அலுப்புல வீட்டுக்குப் பேசக்கூட மறந்துடுவாராம். ஆனா உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேளாவேளைக்குச் சாப்பிடுறாரு."

"சாப்பிடுறானா?"

"நல்லா சாப்பிடுறாரும்மா."

அம்சவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுதான் வேணும்" என்று விசிறியோடு படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

"பரவாயில்லையே! எல்லாம் விரல்நுனியில வச்சிருக்கே" என்றார் முஜிபுர் ரஹ்மான். "அந்த ரொட்டிக் கடை எந்த ஊர்ல?"

சஜிதா மற்ற விசிறிகளை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அவரு குழுவை விட்டுப் போய் ஆறு வருஷமாச்சு மாமு. எங்க இருக்காரு, என்ன செய்யிறாருன்னு யாருக்கும் தெரியாது."