தேறக் கூடாத கோழி

"சாகவும் கூடாது, தேறவும் கூடாது டாக்டர்" என்றாள் வீட்டுக்காரி.

கால்நடை மருத்துவர் சிரித்துவிட்டார். கூடையில் கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது, கால்கள் துவண்டிருந்தன. வாசலில் அவள் மகள் கயிறு தாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா நீங்க சொல்றது. தேத்தத்தானே என்னைக் கூப்பிடுவாங்க?"

"வேணாம். தண்ணி மட்டும் புகட்டுங்க, போதும்." கிண்ணம் எடுக்க உள்ளே போனாள்.

மருத்துவருக்கு மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் ஓர் ஊசி போட்டார். அவள் திரும்புவதற்குள் கோழி எழுந்து, இறக்கையை உதறி, தீனியைக் கொத்தத் தொடங்கியது.

அவள் முகம் வெளுத்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டாக்டர்? பிறந்ததிலேருந்து நடக்காத என் பொண்ணு, இது படுத்த அன்னிக்குத்தான் எழுந்து நடந்தா."

வாசலில் கயிற்றுச் சத்தம் நின்றது.

"அம்மா... கால் மறுபடியும் மரத்துப்போகுது."